கார்னர் கிடைச்சா எந்திரிச்சு நிக்கிற ஆளா மாறிட்டேன்

நேத்து, 2025 நவம்பர் 30, செல்சி கூட நம்ம ஆர்சனல் ஆடுன பிரீமியர் லீக் மேட்ச் 1-1ல முடிஞ்சப்புறம் ரொம்ப நேரம் டிவி முன்னாடியே உக்காந்திருந்தேன். தோக்கல, அவங்க ஸ்டேடியமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ்ல ஒரு பாயின்ட் எடுக்கறது ஒண்ணும் மோசம் இல்ல, 13 மேட்ச்ல 30 பாயின்ட், மான்செஸ்டர் சிட்டிய விட அஞ்சு பாயின்ட் மேல இருக்கோம், எல்லாம் தெரியும். ஆனா 38வது நிமிஷத்துல செல்சியோட கைசேடோ வந்து நம்ம மெரினோ கால்ல ஏறி, முதல்ல மஞ்சள் காட்டி அப்புறம் விஏஆர்ல, அதான் வீடியோவுல, பாத்து ரெட் ஆக்கி, மீதி மேட்ச் பூரா அவங்க பத்து பேரு நாம பதினோரு பேரு. அப்படி இருக்க 48வது நிமிஷத்துல கோல் வாங்குனது நாம. அதுவும் கார்னர்ல, மூலைக்கொடி கிட்ட இருந்து அடிக்கற கிக்ல. ரீஸ் ஜேம்ஸ் போட்ட பந்துக்கு சலோபா நியர் போஸ்ட், அதாவது கிட்ட இருக்கற கோல் கம்பம் பக்கம் வந்து தலைய வச்சாரு, பந்து உள்ள.

கொஞ்ச நேரத்துல என் ஃப்ரெண்டு ஒருத்தன், செல்சி வெறியன், மெசேஜ் போட்டான். "என்னடா மச்சான், கார்னர் உங்க குடும்ப சொத்துன்ன, இப்ப நாங்க வந்து பட்டா போட்டுட்டோமே". பதில் போடல. அவன் சொன்னதுல உண்மை இருந்துச்சு. இந்த சீசன்ல கார்னர்ங்கறது எங்களுக்கு சொத்துதான், அத எவனாவது எடுத்து நம்ம மேலயே வீசுனா வலிக்கத்தான் செய்யும். 59வது நிமிஷத்துல சாக்கா கிராஸ்க்கு மெரினோ தலையால அடிச்சு சமன் பண்ணாரு, அதுக்கப்புறம் அரை மணி நேரம் இருந்தும் இன்னொரு கோல் வரல.

இந்த கார்னர் விஷயத்த பத்தித்தான் ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், ஏன்னா ஆர்சனல் பாக்க ஆரம்பிச்ச காலத்துல இருந்த நானும் இப்ப இருக்கற நானும் வேற வேற ஆளு. அப்ப கார்னர் கிடைச்சா நான் தண்ணி குடிக்க எந்திரிச்சு போவேன், ஒண்ணும் நடக்காதுன்னு தெரியும். இப்ப நம்ம மிட்ஃபீல்டர் ரைஸ் அந்தக் கொடி பக்கம் நடந்து போறப்பவே சோஃபாவ விட்டு எந்திரிச்சு நிக்கிறேன்.

எங்க அண்ணன்தான் எனக்கு இந்த டீம காட்டுனது. வெங்கர் கோச்சா இருந்த காலம். 2003-04ல ஒரு மேட்ச் கூட தோக்காம 26 வெற்றி 12 டிரான்னு லீக் ஜெயிச்ச டீம், தியரி ஆன்ரி, பெர்காம்ப், பிரேஸ், வியெரான்னு ஒவ்வொருத்தனும் பந்த தொடறதே வேற மாதிரி இருக்கும். பாஸ் பாஸ் பாஸ், திடீர்னு பாத்தா பந்து வலைக்குள்ள. அதப் பாத்து வளந்ததால ஃபுட்பால்னா அப்படித்தான் இருக்கணும், மத்ததெல்லாம் முரட்டுத்தனம்னு மனசுல பதிஞ்சு போச்சு. 2006 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் பாரிஸ்ல, பார்சிலோனா கூட, 18வது நிமிஷத்துல நம்ம கீப்பர் லேமன் ரெட் கார்டு வாங்கியும் நாமதான் முதல்ல கோல் அடிச்சோம், ஆன்ரி போட்ட ஃப்ரீ கிக்குக்கு சோல் கேம்பல் எகிறி அடிச்ச ஹெட்டர். எழுபத்தாறாவது நிமிஷம் வரைக்கும் ஐரோப்பாவோட சாம்பியன் நாமதான். அப்புறம் எட்டோ, பெலெட்டி, நாலே நிமிஷ கேப்புல ரெண்டு கோல், 2-1. அந்த ஃபைனல்ல நாம அடிச்ச ஒரே கோல் ஒரு செட் பீஸ்ல, அதாவது ஃப்ரீ கிக், கார்னர் மாதிரி நிறுத்தி வச்சு அடிக்கற பந்துல வந்துச்சுங்கறது அப்ப எனக்குத் தோணவே இல்ல, இப்ப யோசிச்சா தோணுது.

அதுக்கப்புறம் வந்த வருஷங்கள் இருக்கே. அழகு இருந்துச்சு, ஃபேப்ரிகாஸ் இருந்தாரு, வான் பெர்சி இருந்தாரு, ஆனா உடம்பால நின்னு தடுக்க ஆள் இல்ல. 2011 பிப்ரவரில நியூகாசில்ல 4-0ன்னு முன்னாடி இருந்துட்டு 4-4ல முடிஞ்சுது. அதே மாசம் கார்லிங் கப் ஃபைனல், பர்மிங்காம் கூட, கடைசி நேரத்துல கொஷியெல்னிக்கும் கீப்பர் ஷெஸ்னிக்கும் நடுவுல யாரு பந்த எடுக்கறதுன்னு ஒரு குழப்பம், ஒபஃபெமி மார்ட்டின்ஸ் காலி கோல்ல தட்டிவிட்டாரு. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஓல்ட் டிராஃபோர்ட்ல மான்செஸ்டர் யுனைடெட் கிட்ட 8-2. எட்டு. அன்னிக்கு அண்ணன் பாதிலயே எந்திரிச்சு போயிட்டான், நான் கடைசி வரை பாத்தேன், ஏன் பாத்தேன்னு கேட்டா தெரியாது, பாக்கணும்னு தோணுச்சு. அழகா ஆடி தோக்கறதுக்கு ஒரு பெருமை இருக்குன்னு நம்மள நாமளே சமாதானம் பண்ணிக்கிட்ட காலம் அது. இன்னிக்கு அந்த சமாதானம் எனக்கு வேண்டாம்.

அதனாலதான் நம்ம பிரேசில் டிஃபெண்டர் கேப்ரியல் எனக்கு இவ்வளவு முக்கியம்.

2020ல பிரெஞ்சு கிளப் லீல்ல இருந்து வந்தாரு, ஃபுல்ஹாம்ல ஆடுன முதல் மேட்ச்லயே கார்னர்ல கோல். அப்ப யாரும் பெருசா எடுத்துக்கல, ஆரம்பத்துல அவசரப்பட்டு தப்பு பண்ற பழக்கமும் இருந்துச்சு, அதுக்கு முந்தின சீசனும் அந்த சீசனும் டீம் எட்டாவது இடம். இப்ப பாருங்க, பிரீமியர் லீக்ல கார்னர் வரப்ப எதிர் டீம் டிஃபெண்டர்ங்க எல்லாரும் திரும்பித் திரும்பி பாக்கற ஒரே ஆளு அவருதான். அந்த கார்னர் எப்படி நடக்குதுன்னு ஒரு தடவ நிதானமா கவனிச்சுப் பாருங்க. வலது பக்கம்னா சாக்கா இடது கால்ல, இடது பக்கம்னா ரைஸ் வலது கால்ல, ரெண்டுமே கோல் நோக்கி உள்ள வளையற பந்து. செட் பீஸ் கோச் நிக்கோலஸ் ஜோவர் அந்த நேரத்துல மட்டும் பெஞ்ச விட்டு எந்திரிச்சு கோட்டு பக்கம் வந்து நிப்பாரு. நம்ம ஆளுங்க அஞ்சாறு பேரு ஃபார் போஸ்ட், அதாவது தூரத்து கோல் கம்பம் தாண்டி கும்பலா நிப்பாங்க, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. ரைஸ் கைய தூக்குனதும் அந்தக் கும்பல் ஒரே நேரத்துல உடையும். ஒருத்தன் கீப்பர் முன்னாடி போய் நிப்பான், ரெண்டு பேரு கேப்ரியல மார்க் பண்ற ஆளோட வழியில குறுக்க ஓடுவாங்க, கேப்ரியல் கடைசியா, எல்லாரையும் விட அரை செகண்டு லேட்டா கிளம்புவாரு. அந்த அரை செகண்டுதான் விஷயம். மத்தவங்க ஏற்கனவே குதிச்சு கீழ இறங்கற நேரத்துல இவர் மேல போயிட்டு இருப்பாரு. பந்து அவர் தலைக்கு வரலைன்னாலும் அவருக்காக மூணு பேர் போனதால வேற ஒருத்தன் தனியா நிப்பான்.

இத முரட்டுத்தனம்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு இதுவும் ஒரு பாஸிங் மூவ்தான். பெர்காம்ப்க்கு இடம் உருவாக்க ஆன்ரி இடது பக்கம் ஓடுன மாதிரிதான் இதுவும், என்ன ஒண்ணு, பந்து காத்துல வருது.

இந்த சீசன்ல நடந்தத வரிசையா யோசிச்சா பயமுறுத்தற அளவுக்கு ஒரே கதைதான். ஆகஸ்ட்ல ஓல்ட் டிராஃபோர்ட்ல முதல் மேட்ச், ரைஸ் கார்னர், யுனைடெட் கீப்பர் பாயிந்திர் தடுமாற கலஃபியோரி தலையால, 1-0. அன்னிக்கு நாம நல்லா ஆடவே இல்ல, நம்ம கீப்பர் ராயா இல்லன்னா ஜெயிச்சிருக்க மாட்டோம். அக்டோபர்ல ஃபுல்ஹாம், சாக்கா கார்னர், கேப்ரியல் தட்டிவிட்டு ட்ரொசார்ட் முட்டில பட்டு கோல், 1-0. அடுத்து கிறிஸ்டல் பேலஸ், ரைஸ் ஃப்ரீ கிக், கேப்ரியல் தலையால இறக்கிக் குடுக்க எஸே காத்துலயே திருப்பி அடிச்சாரு, அதுவும் 1-0. பர்ன்லில ரைஸ் கார்னர், கேப்ரியல் பின் போஸ்ட்ல இருந்து திருப்பி அனுப்ப நம்ம ஸ்ட்ரைக்கர் யோகெரஸ் தலை. அட்லெட்டிகோ மாட்ரிட் மாதிரி டிஃபென்ஸையே மதமா வச்சிருக்கற டீமுக்கு எதிரா 57வது நிமிஷம் வரைக்கும் 0-0, ரைஸ் ஃப்ரீ கிக்குக்கு கேப்ரியல் ஹெட்டர் ஒண்ணு விழுந்ததும் அடுத்த பதிமூணு நிமிஷத்துல இன்னும் மூணு, 4-0. அக்டோபர் மாசம் மட்டும் ஆறு மேட்ச் ஆடி ஆறையும் ஜெயிச்சோம், ஒரு கோல் கூட வாங்கல.

ஆனா என் மனசுல நிக்கிறது செப்டம்பர் 28, நியூகாசில். அதே ஊரு, அந்த 4-4 நடந்த அதே ஸ்டேடியம். அதுக்கு முன்னாடி கடைசி மூணு தடவ அங்க போயி மூணுலயும் தோத்தோம், ஒரு கோல் கூட அடிக்காம. அன்னிக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது. யோகெரஸ அவங்க கீப்பர் போப் இடிச்சதுக்கு குடுத்த பெனால்டிய விஏஆர் பாத்து திருப்பி எடுத்தாங்க. 34வது நிமிஷத்துல அவங்க வோல்டமாடே ஹெட்டர் கோல், அந்த இடத்துல கேப்ரியல் கீழ விழுந்து கிடக்கறாரு, தள்ளிட்டாங்கன்னு கைய தூக்கறாரு, ரெஃப்ரீ கண்டுக்கல. அதுக்கப்புறம் ஐம்பது நிமிஷம் என்ன அடிச்சாலும் உள்ள போகல. 84வது நிமிஷத்துல ரைஸ் கிராஸ், மெரினோ தலைய பின்னாடி திருப்பி லேசா உரசுன மாதிரி ஒரு ஹெட்டர், போஸ்ட்ல பட்டு உள்ள. சரி, ஒரு பாயின்ட் போதும்னு மனசு சொல்லுது. ஸ்டாப்பேஜ் டைம்ல ஒரு கார்னர். ஒடேகார்ட் பந்த வைக்கறாரு. நான் செல்போன கையில இறுக்கிப் புடிச்சிட்டு நிக்கிறேன், வீட்ல எல்லாரும் தூங்கறாங்க. 96வது நிமிஷம். முதல் பாதில கீழ விழுந்து கெஞ்சுன அதே மனுஷன் எல்லாரையும் தாண்டி மேல வந்து அடிச்சாரு. கத்த முடியல. தலகாணிய எடுத்து மூஞ்சில வச்சு அழுத்திக்கிட்டு கத்துனேன், அண்ணன் அந்த நேரத்துல போன் பண்றான், ரெண்டு பேரும் பேசவே இல்ல, ரெண்டு பக்கமும் மூச்சு சத்தம்தான். 2011ல அந்த ஊர்ல போனது அன்னிக்கு வட்டியோட திரும்பி வந்துச்சுன்னு எனக்கு.

சரி கார்னர் மட்டும்தானா இந்த டீமுன்னா, இல்ல, எஸேவ பத்தி சொல்லாம போக முடியாது. பதிமூணு வயசுல ஆர்சனல் அகாடமி நீ வேண்டாம்னு அனுப்பி வச்ச பையன். பல இடம் அலைஞ்சு, பேலஸ்ல பெரிய ஆளாகி, இந்த வருஷம் மே மாசம் எஃப்ஏ கப் ஃபைனல்ல சிட்டிக்கு எதிரா ஒரே கோல அடிச்சு பேலஸ்க்கு கப் வாங்கிக் குடுத்தாரு. ஆகஸ்ட்ல நம்ம பரம எதிரி ஸ்பர்ஸ்க்கு (டாட்டன்ஹாம்) போறதா கிட்டத்தட்ட முடிவே ஆயிடுச்சு, நம்ம ஹாவெர்ட்ஸ் முட்டில அடிபட்டதும் கடைசி நேரத்துல நாம உள்ள புகுந்து கூட்டிட்டு வந்தோம். நவம்பர் 23, அதே ஸ்பர்ஸ் நம்ம ஸ்டேடியம் எமிரேட்ஸ்க்கு வந்தாங்க. மெரினோ மேல தூக்கிப் போட்ட பாஸ ட்ரொசார்ட் எடுத்து முதல் கோல், அப்புறம் எஸே, எஸே, எஸே. 41, 46, 76. நார்த் லண்டன் டெர்பில, அதான் ஸ்பர்ஸ் கூட ஆடற மேட்ச்ல, ஹாட்ரிக்னா 1978ல ஆலன் சண்டர்லேண்ட் போட்டதுக்கு அப்புறம் இவர்தான், 47 வருஷம் ஆச்சு. அவர் கோல் அடிச்சிட்டு சிரிச்ச சிரிப்புல அந்தப் பதிமூணு வயசுப் பையன் தெரிஞ்சான் எனக்கு. 4-1. நடுவுல நம்ம சுபிமெண்டி கால்ல இருந்து பந்த அவங்க பாலின்யா புடுங்க, ராயா முன்னாடி வந்து நிக்கறத பாத்து ரிச்சார்லிசன் ரொம்ப தூரத்துல இருந்து தூக்கிப் போட்ட கோல் ஒண்ணு, நல்ல கோல்தான், ஒத்துக்கணும்.

மூணு நாள் கழிச்சு பாயர்ன். இந்த சீசன்ல அதுவரைக்கும் எங்கயும் தோக்காத பாயர்ன், 3-1. முதல் கோல் எதுலன்னு நினைக்கறீங்க, சாக்கா கார்னர், டிம்பர் ஹெட்டர், நோயர் கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டாரு. பதினேழு வயசு லெனார்ட் கார்ல் திருப்பி அடிச்சப்புறமும் பதறல, மடுவேகே, மார்ட்டினெல்லின்னு பெஞ்ச்ல இருந்து வந்தவங்க முடிச்சு வச்சாங்க. சாம்பியன்ஸ் லீக்ல அஞ்சுக்கு அஞ்சு, 14 கோல் அடிச்சு ஒண்ணு வாங்கியிருக்கோம்.

யோகெரஸ பத்தி நம்ம ஆளுங்களே கிண்டல் பண்றாங்க, அது எனக்குப் பிடிக்கல. ஸ்போர்ட்டிங்ல போன சீசன் 54 கோல் அடிச்சவர், இங்க வந்து லீக்ல நாலு, ஐரோப்பால ரெண்டு. கம்மிதான். ஆனா அவர் ஓடற ஓட்டத்துக்கு ரெண்டு டிஃபெண்டர் பின்னாடியே போறதால நடுவுல எவ்வளவு இடம் கிடைக்குதுன்னு பாருங்க. ஆன்ரி போட்ட 14ம் நம்பர் சட்டைய குடுத்துட்டு மூணு மாசத்துல ஆன்ரிய எதிர்பார்த்தா எப்படி. அவருக்கு நேரம் குடுக்கணும், நான் குடுப்பேன்.

ஆனா பயம் இருக்கு, மறைக்கல. சண்டர்லேண்ட் ஊர்ல 94வது நிமிஷம் வரைக்கும் 2-1, ப்ராபி வந்து காத்துல கால நீட்டி 2-2. அதுவரைக்கும் தொடர்ந்து எட்டு மேட்ச்ல கோலே வாங்காத டீம் அன்னிக்கு ரெண்டு வாங்குச்சு, அதுல முதல் கோல் போட்ட டேன் பாலர்ட் நம்ம அகாடமில வளந்த பையன். அடுத்த வாரமே பிரேசிலுக்கு ஆடப் போன கேப்ரியலுக்கு காயம், அதுவும் எமிரேட்ஸ்லயே, செனகல் கூட நடந்த மேட்ச்ல. இப்ப செல்சி மேட்ச்க்கு இன்னொரு சென்டர் டிஃபெண்டர் சலீபாவும் இல்ல. மொஸ்கேரா, இங்காப்பியே ரெண்டு பேரும்தான் நடுவுல நின்னாங்க.

இந்த இடத்துலதான் எனக்கு 2023 ஞாபகம் வருது. அந்த வருஷம் மார்ச்ல சலீபாவுக்கு முதுகுல அடி. ஏப்ரல்ல லிவர்பூல் கூட 2-0ல இருந்து 2-2, வெஸ்ட் ஹாம் கூட 2-0ல இருந்து 2-2, கடைசி இடத்துல கிடந்த சவுத்தாம்ப்டன் கூட 3-3, அப்புறம் சிட்டி 4-1ன்னு நசுக்குனாங்க. டைட்டில் போச்சு. அடுத்த வருஷம் 89 பாயின்ட் எடுத்தும் சிட்டி 91. போன வருஷம் லிவர்பூல். மூணு வருஷமா ரெண்டாவது இடம். ஒரு ஆளு போனா மொத்த வீடும் சரியற டீமா இருந்தோம் அப்ப. இப்ப இருக்கறவங்க அப்படி இல்லன்னு நான் நம்பறேன், ஸ்பர்ஸ் மேட்ச்ல இங்காப்பியே ஆடுன விதத்துக்கு என்ன குறை சொல்ல முடியும், மொஸ்கேராவுக்கு இருபத்தொரு வயசு, நேத்து செல்சி ஆளுங்க எத்தன தடவ அவர் மேல வந்து விழுந்தும் பந்த விட்டு கண்ணு எடுக்கல. ஆனா அந்த 48வது நிமிஷம். பந்து நியர் போஸ்ட்டுக்கு வருது, அந்த இடத்துல வழக்கமா ஒரு நீளமான பிரேசில் தலை இருக்கும், முதல் ஆளா அடிச்சு வெளிய தள்ளும். நேத்து அங்க யாரும் இல்ல. கேப்ரியல் அந்தப் பக்கம் கோல் அடிக்கறத பத்தி எல்லாரும் பேசறோம், இந்தப் பக்கம் அவர் தடுக்கறத எண்ண ஒரு கணக்கும் இல்ல.

13 மேட்ச்ல ஏழு கோல்தான் வாங்கியிருக்கோம். ஜார்ஜ் கிரஹாம் கோச்சா இருந்த ஆர்சனல் டீம் 1990-91ல சீசன் பூரா பதினெட்டே வாங்கி, ஒரே ஒரு மேட்ச் தோத்து லீக் ஜெயிச்சாங்க. ஆடம்ஸ், பவுல்ட், டிக்சன், வின்டர்பர்ன். "ஒன் நில் டு தி ஆர்சனல்"னு அந்தக் கால ரசிகர்ங்க பாடுவாங்க, எதிராளிங்க போரிங்னு திட்டுவாங்க. சின்ன வயசுல இதக் கேட்டப்ப நல்ல வேள நான் வெங்கர் காலத்துல வந்தேன்னு நினைச்சிருக்கேன். இப்ப அந்தப் பாட்டு ஸ்டேடியத்துல திரும்பக் கேக்குது, கேக்கறப்ப உடம்பு சிலிர்க்குது.

புதன்கிழமை பிரென்ட்ஃபோர்ட் வராங்க. அவங்க கோச் கீத் ஆண்ட்ரூஸ் போன சீசன் வரைக்கும் அங்க செட் பீஸ் கோச்சா இருந்தவரு, நம்ம ஜோவரும் ஒரு காலத்துல அதே கிளப்ல அதே வேலை பாத்தவருதான். அவங்க டிஃபெண்டர் கயோடே சைடுல நின்னு துண்டால பந்த துடைச்சிட்டு கார்னர் மாதிரியே லாங் த்ரோ வீசுவாரு, பாக்ஸுக்குள்ள பத்து பேர் முட்டிக்குவாங்க. சனிக்கிழமை வில்லா பார்க், ஆஸ்டன் வில்லா ஸ்டேடியம், அங்க நம்ம பழைய கோச் உனாய் எமெரி இருக்காரு, அவர் எப்பவும் நமக்குன்னே தனியா படிச்சிட்டு வர்ற ஆளு. இன்னிக்கு காலைல அண்ணன் போன் பண்ணான், எடுத்ததும் ஒரே கேள்வி.

"புதன்கிழமை கேப்ரியல் இல்லடா, முதல் பந்துக்கு யாரு போவா?"

மெரினோவ கீழ இறக்கி நியர் போஸ்ட்ல நிறுத்தணும்னு சொன்னேன். அவன் ரைஸ்ங்கறான். முக்கா மணி நேரம் இதையே பேசிட்டு இருந்தோம்.